தகர டோக்கன் தங்கம்மா

தங்கம்மாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் வாயிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கோலார் பக்கத்துத் தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஒத்தமரத்து லைனில் மொத்தம் முந்நூறு வீடு. கடைசி வீட்டில் ஒருத்தன் பெண்டாட்டியை அடிக்கக் கை ஓங்கினால், முதல் வீட்டிலிருந்து தங்கம்மா "யார்ரா அவன்?" என்று ஒரு குரல் கொடுப்பாள். ஓங்கின கை அப்படியே நின்றுவிடும். அந்த வாயால்தான் லைனுக்கு பஸ் வந்தது என்று இன்றைக்கும் அங்கே பேசிக்கொள்கிறார்கள். சும்மா பேச்சு. வாயால் வருவதாக இருந்தால் அந்த பஸ் பத்து வருஷத்துக்கு முன்பே வந்திருக்கும். அவள் வாய் அடைத்துப்போன நாள் ஒன்று உண்டு. பஸ் அந்த நாளிலிருந்துதான் கிளம்பியது.

குடியாத்தம் பக்கம் பிறந்தவள். பதினாறு வயதில் ரத்தினத்தைக் கட்டிக்கொண்டு ஒரு தகரப் பெட்டியோடு மாரிகுப்பம் ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். ரத்தினத்துக்கு நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை. 1961-ல் ஒரு நாள் இரண்டாம் ஷிப்டில் ஏர் பிளாஸ்ட் ஆனது. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை தானாகவே வெடித்துச் சரிவதைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள். மேலே வீட்டுப் பாத்திரங்கள் கடகடவென்று ஆடின. தங்கம்மா அடுப்பை அப்படியே போட்டுவிட்டு, சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாப்டுக்கு ஓடினாள்.

அங்கே டைம் ஆபீஸில் ஒரு பலகை உண்டு. கீழே இறங்குகிறவன் தன் நம்பர் அடித்த பித்தளை டோக்கனை அதில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் கீழே இறக்குகிற கூண்டான கேஜில் ஏறுவான். மேலே வந்ததும் எடுத்துக்கொள்வான். ஷிப்டு முடிந்தும் ஒரு டோக்கன் தொங்கினால் ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அவன் நடந்து வரும்வரை, இல்லை அவனைத் தூக்கிக்கொண்டு வரும்வரை, ஒருத்தரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். இது எங்கேயும் எழுதி ஒட்டின சட்டம் இல்லை. அன்றைக்கு ரத்தினத்தின் 1183 தொங்கியது. மூன்று நாள் தொங்கியது. மூன்று நாளும், அவன் உடலை மேலே தூக்கி வரும்வரை, இரண்டு ஷிப்டு ஆட்கள் அவளோடு வெயிலில் நின்றார்கள். அதை அவள் கடைசிவரை மறக்கவில்லை.

அந்த டைம் ஆபீஸிலேயே அவளுக்கு வேலை கிடைத்தது. பலகையைத் துடைக்க வேண்டும், ஷிப்டு முடிந்ததும் டோக்கன்களைச் சரிபார்க்க வேண்டும். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. நம்பர் மட்டும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஒரே மகள் சாரதா. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணி, கோலாரில் டீச்சர் டிரெய்னிங் பள்ளியில் சீட் வாங்கினாள். அந்த லைனிலிருந்து அப்படிப் போன முதல் பெண் அவள்தான். சீட் வாங்கியது பெரிதில்லை, போய்ச் சேர்வதுதான் பெரிதாக இருந்தது. பள்ளி ஒன்பது மணிக்கு. கோலார் பஸ் பிடிக்க ராபர்ட்சன்பேட்டைக்கு மூன்று மைல் நடக்க வேண்டும். அதில் முதல் ஒரு மைல் ரோடே கிடையாது. நடுவில் ஓர் ஓடை வேறு. மழை பெய்தால் முழங்கால் சேறு. மூன்று மாதத்தில் பதினோரு தரம் லேட். பன்னிரண்டாம் தரம் பெயரை அடித்துவிட்டார்கள். அந்தப் பள்ளியின் தலைமை அம்மாள் கறார்ப் பேர்வழி. ஆனால் ஈவிரக்கம் இல்லாதவர் அல்ல. "வர்ற ஜூலைல திரும்பவும் சேத்துக்கறேன். ஆனா ஒரே ஒரு நாள் லேட்டா வந்தாலும் என் கேட் உனக்குத் திறக்காது" என்றார்.

சாரதா வீட்டுக்கு வந்து முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்ற உட்கார்ந்தாள். அழவில்லை, கத்தவில்லை. அவள் அப்படி அமைதியாக உட்கார்ந்ததுதான் தங்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஜூலைக்குள் லைனுக்கு பஸ் வந்தால் மகள் டீச்சர். வராவிட்டால் சாகும்வரை பீடி. இதில் நடுவே வேறு வழி ஒன்றும் இல்லை.

தங்கம்மா நேராக பஸ் டிப்போவுக்குப் போனாள். அங்கிருந்த பெரியவர் சிரித்தார்.

"அந்த ஓடையில பஸ்ஸ எறக்கினா அப்பால உங்க ஷாப்டுலதான் தேடணும்மா. ரோடு வேணும், ஓடைக்கு ஒரு சின்னப் பாலம் வேணும், பஸ்ஸு திரும்பறதுக்கு எடம் வேணும். இந்த மூணும் இருந்தா நாளைக்கே உடறேன்."

"மூணுத்தையும் யார் போடுவாங்க?"

"சர்க்கார்ல அதுக்குன்னு கிராண்டு கீது. கோலாருக்குப் போய்க் கேளுங்க."

போனாள். சாரதா கன்னடத்தில் மனு எழுதினாள். தங்கம்மா கட்டைவிரலை அழுத்தி ரேகை வைத்தாள். மனுவை வாங்கின குமாஸ்தா விஷயத்தைச் சொன்னார்: பஸ் வழியைச் சீர்படுத்த சர்க்கார் மானியம் தரும். ஆனால் ஒரு நாளைக்கு ஐந்நூறு பேராவது போய்வருகிற இடம் என்று ஓவர்சியர் நேரில் உட்கார்ந்து எண்ணி எழுத வேண்டும். மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஃபைல் மேலே போய்விட வேண்டும். போகாவிட்டால் அந்த வருஷத்து மானியம் அவ்வளவுதான்.

"அஞ்ஞூறா?" என்றாள் தங்கம்மா. "எங்க லைன்ல ஒருத்தி தும்மினா அஞ்ஞூறு பேரு திரும்பிப் பாப்பாங்க சார்!"

இங்கேதான் அந்தக் கூத்து நடந்தது. சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள்.

லைன் வீடு என்பது கம்பெனி வீடு. வேலை பார்க்கிறவர், பெண்டாட்டி பிள்ளைகள், அவ்வளவு பேர்தான் இருக்கலாம். ஆனால் எந்த வீட்டில் அப்படி இருந்தார்கள்? ஊரிலிருந்து வந்த மைத்துனன், வேலை தேடி வந்த தம்பி, புருஷனோடு சண்டை போட்டு வந்த அக்கா என்று வீட்டுக்கு நாலு பேர் கூடுதல். தங்கம்மா வீட்டிலேயே ரெஜிஸ்தரில் இரண்டு பேர். உள்ளே ஒன்பது பேர். மீதி ஏழும் அவள் அண்ணன் வாசுவும் அவன் குடும்பமும். வாசு ஊரிகம் ஸ்டேஷனில் மூட்டை இறக்குகிறவன்.

இந்தக் கூடுதல் தலைகளைப் பிடிப்பதற்கென்றே மாணிக்கராஜ் என்று ஒரு லைன் இன்ஸ்பெக்டர். கையில் எப்போதும் நோட்டுப் புத்தகம். முந்தின வருஷம் ரேஷனுக்குத் தலை எண்ணுகிறேன் என்று நைச்சியமாகச் சொல்லி எண்ணிவிட்டு, மறுவாரமே ஏழு வீட்டுக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டார். அதிலிருந்து லைன் ஜனங்கள் உஷார். நோட்டுப் புத்தகம் கண்ணில் பட்டால் போதும், முதலில் பார்த்தவர் ஒரு தட்டை எடுத்துத் தட்டுவார். அடுத்த வீடு தட்டும், அதற்கடுத்த வீடு தட்டும். ஐந்தே நிமிஷத்தில் கூடுதல் தலைகள் எல்லாம் பின்பக்கமாக நழுவி, தங்கம் எடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண் மேட்டில் ஏறி, அந்தப் பக்கமாக இறங்கிப் போய்விடும்.

மார்ச் பாதியில் ஒரு நாள் விடிகாலையில் தட்டுச் சத்தம் கேட்டது. தங்கம்மா அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தாள். லைன் வாசலில் ஒத்தை மரத்தடியில் நாற்காலி போட்டு யாரோ ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தார், மடியில் நோட்டு. பக்கத்திலேயே மாணிக்கராஜ்.

"ண்ணா! எயிந்திரு! கணக்கு வந்துக்கீது!"

யோசிக்கவே இல்லை. களியை இறக்கினாள், வாசுவின் பிள்ளைகளைத் தோளில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகத் தூக்கினாள், ஏழு பேரையும் பின்வழியாக மேட்டில் ஏற்றிவிட்டாள். தானும் அந்த வழியாகவே வேலைக்குப் போனாள். அன்றைக்கு முந்நூறு வீட்டு ஜனமும் வெள்ளை மண்ணில் கால் புதைய மேடு ஏறி இறங்கியது. உரிமையோடு குடியிருந்தவர்கள்கூட எதற்கு வம்பு என்று மேட்டு வழியாகவே போனார்கள்.

சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது சாரதா வாசலில் நின்றிருந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"எம்மா. நான் இப்பத்தான் தண்ணிக்குப் போனேன். அந்த நோட்டுல கன்னடத்துல எழுதிக்கிறத படிச்சேன். அவரு கோலார் ஓவர்சியரு. நம்ம பஸ்ஸுக்கு எண்ண வந்தவரு."

தங்கம்மா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மூன்று தரம் ஆபீஸுக்கு அலைந்து, மனு கொடுத்து, ரேகை வைத்து வரவழைத்த ஆளிடமிருந்து அவளே ஏழு பேரை ஒளித்து வைத்திருக்கிறாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஓடினாள்.

ஓவர்சியர் ராஜப்பா சைக்கிளில் ஏறப் போனார். பெங்களூரில் தமிழர் நிறைய உள்ள தண்டுப் பகுதியில் படித்தவர், தமிழ் வரும்.

"நாற்பத்தொண்ணு" என்றார் அவர். "காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நாற்பத்தோரு பேரு. அதுல ஒருத்தரு நாலு தடவை வந்து என்னைப் பாத்துட்டுப் போனாரு. இந்த நாற்பத்தோரு பேருக்கு பஸ்ஸா? நோடம்மா, பாத்துக்கோ, நான் பொய் எழுத மாட்டேன்."

"அய்யோ சார், எல்லாரும் மேட்டு வழியா பூட்டாங்க சார்! உங்கள பாத்து பயந்துக்கினு."

"என்னைப் பாத்தா?"

"உங்க பக்கத்துல இருந்தவர பாத்து. நாற்காலி போட்டாரே, அவர."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை, தன் வீட்டு ஏழு பேரை மட்டும் மறைத்தாள். ராஜப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"இருபத்தெட்டாம் தேதி திரும்ப வர்றேன். அதுக்கு மேல எனக்கு டயம் இல்லை. ஆனா ஒண்ணு. போன மாசம் ஒரு ஊர்ல இருநூறு பேரு என் முன்னாடி ரவுண்டு ரவுண்டா சுத்தினாங்க. ஒரு தலைய நான் ரெண்டு தடவை எண்ண மாட்டேன். ஏமாத்தினா அன்னைக்கே ஃபைல மூடிடுவேன். ரூல்னா ரூல்."

திரும்பி நடந்துகொண்டே தங்கம்மா யோசித்தாள். பெயர் கேட்டால் ஜனம் வராது. பெயர் கேட்காவிட்டால் ஒரு தலையை இரண்டு தரம் எண்ணுகிறோமோ என்று ஓவர்சியர் சந்தேகப்படுவார். பெயர் இல்லாமல் ஆளை எண்ணுவது எப்படி? மறுநாள் காலை டைம் ஆபீஸில் பலகையைத் துடைக்கும்போது கை தானாக நின்றது. எட்டு வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறாள்!

அன்று மாலையே ஃபிட்டர் சிரில் வீட்டுக்குப் போனாள். சிரில் அதிகம் பேசமாட்டான்; வேலையில் கெட்டி.

"சிரிலு, எனக்கு டோக்கன் வேணும். தகரத்துல. எண்ணூறு."

"இன்னாத்துக்கு?"

சொன்னாள். சிரில் தலையை ஆட்டினான். மறுநாளிலிருந்து லைனில் ஒரு டால்டா டின் மிச்சம் இல்லை, ஒரு மண்ணெண்ணெய் டின் மிச்சம் இல்லை. சிரில் வட்டம் வட்டமாக வெட்டி ஒவ்வொன்றிலும் நம்பர் அடித்தான். இரண்டு பழைய கதவுகளில் வரிசை வரிசையாக ஆணி இறக்கினான். ராவு ராவு என்று தகரம் ராவுகிற சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டார்கள்.

பிறகு குழாயடியில் கூட்டம் போட்டாள். லைனுக்கே ஒரே குழாயடி. எல்லாரும் வந்துதான் ஆக வேண்டும். மாணிக்கராஜின் மனைவி ஜெயம்மாவும் அங்கேதான் வருவாள். இன்ஸ்பெக்டர் வீட்டில் மூன்று பேர் என்று பேர். ஆனால் ஜெயம்மா தினமும் பன்னிரண்டு குடம் பிடிப்பாள். மூன்று பேர் அவ்வளவு தண்ணீரை என்ன செய்கிறார்கள் என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

"உன் வீட்ல எத்தினி பேரு வெளிய போய் வர்றாங்கன்னு மட்டும் சொல்லு" என்றாள் தங்கம்மா. "பேரு வேணாம், வீட்டு நம்பர் வேணாம். அத்தினி டோக்கன் வாங்கிக்கோ. போறப்போ மாட்டு, வர்றப்போ எடுத்துக்கோ. ஷாப்டுல இன்னா செய்றோமோ அதேதான்."

"ஏம்மே, மாணிக்கராஜ் அங்க நின்னாருன்னா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு கிருஷ்ணம்மா. "அவரு மூஞ்சிய பாத்துக்கினே எப்பிடி மாட்றது? நாளைக்கு ஊட்ட காலி பண்ணுன்னா எங்க போறது? உம் பொண்ணு டீச்சராவறதுக்கு நாங்க தெருவுல நிக்கணுமா?"

சுருக்கென்று தைத்தது. கேட்டதில் நியாயம் இருப்பது தங்கம்மாவுக்குத் தெரிந்தது.

"வாஸ்தவம்தான் கிருஷ்ணம்மா. அதனால நான் மொதல்ல மாட்றேன். எனுக்கு ஒண்ணும் ஆவலன்னா அப்பால நீங்க வாங்க."

டோக்கன் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் மாட்டுவார்களா என்று அவளுக்குத் தெரியாது. வீட்டில் சாரதா, "வாணாம்மா. ஊடு பூட்டா மாமா எங்க போவாரு? நான் பீடியே சுத்தறேன்" என்றாள்.

"வாய மூடு" என்றாள் தங்கம்மா.

இருபத்தெட்டாம் தேதி ஐந்தரை மணிக்கு ராஜப்பா வந்து உட்கார்ந்தார். மரத்தில் இரண்டு கதவும் சாத்தி வைக்கப்பட்டு, வெறும் ஆணியாக நின்றன. கேள்விப்பட்டு மாணிக்கராஜும் வந்துவிட்டார், நோட்டுப் புத்தகத்தோடு. லைனில் ஒரு கதவும் திறக்கவில்லை. ஒவ்வொரு தட்டிச் சுவருக்குப் பின்னாலும் கண்கள் இருந்தன. முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊத இன்னும் அரைமணிதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் மறுபடியும் எல்லாரும் மேட்டில் ஏறிவிடுவார்கள்.

தங்கம்மா கதவைத் திறந்தாள். அவள் பின்னால் சாரதா, சாரதாவுக்குப் பின்னால் வாசு, வாசுவின் பெண்டாட்டி, மாமியார், நாலு பிள்ளைகள். நடுத்தெருவில் ஒன்பது பேரும் வரிசையாக நடந்தார்கள். தங்கம்மா மாணிக்கராஜின் முன்னால் போய் நின்றாள்.

"இன்ஸ்பெக்டர் சார், எய்திக்கோங்க. எங்க ஊட்டு ரெஜிஸ்தர்ல ரெண்டு பேரு. இவங்க ஏழு பேரும் என் அண்ணன் குடும்பம். நாலு வருஷமா எங்கூடத்தான் கீறாங்க."

மாணிக்கராஜுக்கே தூக்கிவாரிப் போட்டது. இருபது வருஷ சர்வீஸில் இப்படி வலிய வந்து சொன்னவர்களை அவர் பார்த்ததில்லை.

"தெரிஞ்சுதான் பேசறியா தங்கம்மா? நாளைக்கே உன்னை..."

"தெரிஞ்சுதான் சார். டோக்கன் மாட்டினா ஆளு கணக்கு. எம் புருஷன் டோக்கன் மூணு நாள் தொங்கிச்சு. மூணு நாளும் இந்த லைனே வந்து நின்னுச்சி. இன்னிக்கி நான் எங்க ஊட்டு ஆளுங்கள மறைக்க மாட்டேன்."

ஒவ்வொன்றாக மாட்டினாள். தகரம் ஆணியில் பட்டு டிங் டிங் என்றது. ஒன்பதாவதை ராஜப்பா எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். "இந்தப் பாப்பாவுக்கு அஞ்சு வயசு ஆகலை. பஸ்ல டிக்கெட் இல்லை, இங்கயும் கணக்கு இல்லை. ரூல்னா ரூல்." குழந்தை டோக்கனை வாங்கி வாயில் வைத்துக்கொண்டது.

எட்டு டோக்கன் தொங்கின. வேறு ஒரு கதவும் திறக்கவில்லை. மாணிக்கராஜ் நோட்டைத் திறந்து பென்சிலை எச்சில் தொட்டார்.

அப்போது லைன் கோடியில் ஒரு கதவு திறந்தது. அது இன்ஸ்பெக்டர் வீடு. ஜெயம்மா தலையை முடிந்துகொண்டே வந்தாள். பின்னால் அவளுடைய அம்மா, தம்பி, தம்பி பெண்டாட்டி, இரண்டு சித்திமார்கள், கடைசியில் அவள் மகன். ஏழு பேரும் கையில் ஆளுக்கொரு டோக்கன்.

"இன்னாங்க வாயப் பொளந்துக்கினு நிக்கிறீங்க?" என்றாள் புருஷனைப் பார்த்து. "நம்ம ஊட்லயும் அஞ்சு பேரு கூடத்தான். மொதல்ல அத எய்துங்க. எங்கம்மாக்கு மாசத்துக்கு ரெண்டு வாட்டி ஆஸ்பத்திரி. மூணு மைலு நீங்க தூக்கிக்கினு போவீங்களா?"

டிங் டிங் டிங். பன்னிரண்டு குடம் தண்ணீர் எங்கே போனது என்று லைனுக்கு அன்றைக்கு விளங்கியது.

முதலில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு கதவுகள் திறந்தன. கிருஷ்ணம்மா ஆறு பேரோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் ஷிப்டுக்குப் போகிறவர்கள், மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள், ஸ்கூல் பிள்ளைகள் என்று மடை திறந்த மாதிரி வந்தார்கள். மச்சினனை மறைக்கவில்லை, அக்காவை மறைக்கவில்லை. "இவன் எந்தம்பி சார்!" என்று கேட்காமலேயே சொல்லிச் சொல்லி மாட்டினார்கள். சங்கு ஊதும்போது முதல் கதவு நிறைந்துவிட்டது. மாணிக்கராஜ் நோட்டை மூடி இடுப்பில் செருகினார். வெயில் ஏறியதும், ஆணி எட்டாத குழந்தைகளைத் தூக்கிப் பிடித்து மாட்ட வைத்துக்கொண்டிருந்தார். ஒரு வீட்டைக் காலி பண்ணலாம். முந்நூறு வீட்டையும், அதோடு தன் வீட்டையும், எப்படிக் காலி பண்ணுவது?

மாலை ஐந்தரைக்கு ராஜப்பா கணக்கை முடித்தார். எழுநூற்று நாற்பத்து மூன்று. அதற்குள் போனவர்கள் எல்லாம் திரும்பி, டோக்கனை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று மட்டும் தொங்கியது. நம்பர் 219.

"சரி, நான் கிளம்பறேன்" என்றார் ராஜப்பா. யாரும் நகரவில்லை. லைனே மரத்தடியில் நின்றது.

"இன்னும் ஏன் நிக்கறீங்க? கணக்கு முடிஞ்சுதே."

"ஒரு ஆளு வெளிய கீது சார்" என்றாள் தங்கம்மா. "டோக்கன் தொங்குதே. நீங்க கெளம்புங்க. எங்களுக்குப் பயக்கம் அது."

ராஜப்பா என்ன நினைத்தாரோ, மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறு மணிக்கு ஓடைக்கு அப்பால் ஓர் ஆள் தெரிந்தார். கிருஷ்ணம்மாவின் புருஷன் முனியன். சுரங்கத் தூசியில் நெஞ்சு கெட்டவர், ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்புகிறார். இருபது அடி நடப்பார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பார், மூச்சு வாங்குவார், மறுபடியும் இருபது அடி. வந்து சேரக் கால்மணி ஆனது. ஜனம் காத்திருந்தது. அவர் வந்து 219-ஐ எடுத்தார். பலகை காலியானது.

ராஜப்பா நோட்டைத் திறந்து எண்ணிக்கைக்குக் கீழே இன்னும் நாலு வரி எழுதினார். சாரதா எட்டிப் பார்த்தாள். "மிக அவசரம்" என்பது அதில் முதல் வார்த்தை.

முப்பதாம் தேதி ஃபைல் மேலே போனது. மே மாதம் மானியம் சாங்ஷன் ஆனது. ஜல்லி வந்தது, தார் வந்தது, ஓடையில் சின்னப் பாலம் கட்டக் குழாய் வந்தது. பஸ் திரும்புவதற்கு ஒத்தை மரத்தைச் சுற்றி இடம் விட்டார்கள். ஜூலையில் பள்ளி திறக்க நாலு நாள் இருக்கும்போது பஸ் விட்டார்கள். எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, டிரைவருக்கு மாலை போட்டு லைன் அமர்க்களப்பட்டது. டிப்போ பெரியவர் கையைத் தட்டிக்கொண்டே, "ஷாப்டுல தேட வேணாம்மா இனிமே" என்றார்.

பள்ளி திறந்த அன்றைக்கு ஆறு மணி பஸ்ஸில் சாரதா ஏறினாள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள், புடவையில் ஒரு பொட்டுச் சேறு இல்லாமல். பஸ் மறைந்ததும் தங்கம்மா மகளுடைய தகர டோக்கனைத் தன் வீட்டு நிலைப்படி ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனாள். அன்றைக்குப் பலகையைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணி பஸ்ஸில் சாரதா இறங்கினாள். வாசலில் நின்று டோக்கனை எடுத்தாள்.

"இன்னாடி ஆச்சு?"

"கேட்டு தெறக்கலம்மா."

தங்கம்மாவுக்குப் பகீரென்றது. "இன்னாடி சொல்ற? ஆறு மணி பஸ்ஸுலதான போன!"

"ஆமாம்மா. எட்டு மணிக்கே போய் நின்னுட்டேன். வாட்ச்மேனே வரல. நாந்தான் மொத ஆளு." சாரதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அப்பால எங்க எட்மாஸ்டரம்மா வந்தாங்க. என்னப் பாத்தாங்க. சாவிய எடுத்து அவங்க கையாலயே தெறந்தாங்க."

தங்கம்மா மகளைக் கட்டிக்கொண்டாள். பிறகு வாசலுக்கு வந்து, இரண்டு கையையும் வாயருகே குவித்து, கடைசி வீட்டுக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்:

"கேட்டு தெறக்கறதுக்கு முன்னாடியே போய் நின்னுக்கீறாடி எம்மவ!"

முந்நூறாவது வீட்டிலிருந்து யாரோ தட்டை எடுத்துத் தட்டினார்கள். அடுத்த வீடு தட்டியது. அதற்கடுத்த வீடு தட்டியது. அன்றைக்கு ஒருத்தரும் மேட்டுக்கு ஓடவில்லை.